டிக்கெட் கிழிக்காத இடங்கள்: சித்தப்பாவோடு வன்னியில் ஐந்து நாள்

யூலை 7, திங்கள்: பூநகரி, திருக்கேதீச்சரம்

சித்தப்பாவிடம் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. பாரிசில் ஓய்வு பெற்ற பிறகு அவர் போய்ப் பார்த்த உலக மரபுரிமை இடங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. கோடு போட்டு நான்கு நிரல்: இடம், யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆண்டு, எந்த அளவுகோலின்படி, டிக்கெட் எவ்வளவு. அங்கோர், 1992, ஒரு நாளைக்கு 37 டாலர். மாச்சு பிச்சு, 1983. தஞ்சைப் பெரிய கோயில், 1987. டிக்கெட் நிரலில் ‘இல்லை, செருப்புக்கு 5 ரூபா’ என்றிருக்கும்.

இலங்கைக்கும் ஒரு பக்கம் உண்டு. அனுராதபுரம், பொலனறுவை, சிகிரியா, கண்டி, காலி, தம்புள்ளை, சிங்கராஜக் காடு, மத்திய மலைநாடு என்று எட்டு. எட்டிலும் சித்தப்பாவின் கால் பட்டுவிட்டது. போன கிழமை எங்கள் விறாந்தையில் இருந்து கொப்பியைப் புரட்டியவர், “வவுனியாவுக்கு இங்கால ஒண்டும் இல்லையே, பிள்ளை” என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. “வாங்கோ, நான் காட்டுறன்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன், யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கிற வன்னி எனக்கே தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து நாற்பத்து நான்கு வருடம். 95இல் போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோதும் நாங்கள் சாவகச்சேரியோடு நின்றுவிட்டோம். வன்னி என்றால் எனக்குக் கொழும்பு பஸ்ஸின் ஜன்னலில் தெரிகிற இருட்டு. நடுவில் முறிகண்டியில் இறங்கி ஒரு கற்பூரம், ஒரு பை கச்சான். அவ்வளவுதான். சரி, லீவு போட்டாயிற்று. துணுக்காய்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் வான் ஓட்டிக்கொண்டு வந்தார். வெளிக்கிட்டோம்.

சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்று வானையே தள்ளியது. 2011இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இதில் படகுதான். சித்தப்பா கண்ணாடியை இறக்கியதும் அவருடைய தொப்பி எழும்பிப் பின் சீற்றுக்குப் போய்விட்டது.

பூநகரிக் கோட்டையைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் கேட்டோம். மூன்று பேரும் “உதிலதான்” என்றார்கள். வன்னியில் ‘உதிலதான்’ என்பது அரைக் கட்டையும் (அரை மைல்) ஆகலாம், ஐந்து கட்டையும் ஆகலாம் என்பது இன்று படித்த பாடம். போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் பெருப்பித்த சின்னக் கோட்டை இது. சதுரம், ஒரு பக்கம் முப்பது மீற்றர் அளவு, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். யாழ்ப்பாணத்துக்குள் தெற்கிலிருந்து வருகிறவர்களை மறித்துப் பார்க்கிற இடம். இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆடுகள். சிதைந்த மதிலில் முருகைக்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆடு கட்டிக்கொண்டிருந்த அம்மா, “கோட்டைய பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று எங்களை இரக்கத்தோடு பார்த்தார்.

யுனெஸ்கோவின் அளவுகோல்கள் பத்து. அதில் ஒன்றாவது பொருந்த வேண்டும். சித்தப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம். “இது நாலாவது, கட்டடக்கலை. ஆனால் மிச்சம் காணாது” என்று தீர்ப்புச் சொன்னார். டிக்கெட் விற்கிற ஆளைத் தேடி ஒரு சுற்றும் சுற்றிவந்தார்.

வெள்ளாங்குளத்தில் மதியச் சாப்பாடு. பாரை மீன் குழம்பு, முருங்கைக்காய், பருப்பு, பொரித்த மிளகாய். ஆளுக்கு 450 ரூபா. நாங்கள் கேட்காமலே இரண்டாம் தரம் சோறு விழுந்தது. போதும் என்று கையை மறித்த சித்தப்பாவிடம் கடைக்காரர், “மறிக்காதேங்கோ ஐயா, குழம்பு மிஞ்சினால் நாங்கள்தான் தின்ன வேணும்” என்றார்.

திருக்கேதீச்சரத்தில் சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அரைக் காற்சட்டை. வத்திக்கானிலும் இப்படி நிறுத்தினார்களாம். ஆனால் அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள், இங்கே கடை காட்டினார்கள். 900 ரூபாவுக்கு ஒரு வேட்டி. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு கட்டுகிறார். சோளகத்துக்கு அது தெரியாதே. பிரகாரம் முழுக்க ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சுந்தரர் பாடிய பாலாவி இன்றும் கோயிலுக்கு முன்னால் தண்ணீரோடு கிடக்கிறது. கோயில் நிற்கிற மாதோட்டம் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். அனுராதபுரத்துக்கு வந்த கப்பல் சரக்கெல்லாம் இறங்கிய வாசல். பழைய கோயிலைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இப்போது நாம் பார்ப்பது கருங்கல் திருப்பணி முடிந்து 2022இல் கும்பாபிஷேகம் கண்ட கட்டடம். “புதுசு” என்றார் சித்தப்பா சற்று ஏமாற்றத்தோடு. பூசை முடிந்து வெளியே வந்தபோது, பாலாவிப் படியில் இருந்த ஒரு கிழவி அவருடைய கையை இழுத்து உள்ளங்கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டு, “வேட்டிய இறுக்கிக் கட்டு மோனை” என்றாள். அறுபத்தெட்டு வயது மோன்.

யூலை 8, செவ்வாய்: மன்னார், அரிப்பு

காலையில் விடுதியை விட்டு வெளியே வந்தால் வானுக்கு முன்னால் நாலு கழுதை. மன்னாரில் கழுதைகள் ரோட்டுக்குச் சொந்தக்காரர். கோன் அடித்தால் காதை மட்டும் ஆட்டுகின்றன.

கோட்டை பாலத்தடியிலேயே நிற்கிறது, தேடத் தேவையில்லை. 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். இடித்த கேதீச்சரத்தின் கல்லும் இதில் இருக்கிறது என்பது ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. நேற்றுப் பார்த்த கோயில் ஏன் புதிது என்ற கேள்விக்குப் பதில் இந்த மதிலுக்குள் கிடக்கலாம் என்று நான் சொன்னேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, மதிலைத் தடவிப் பார்த்தார். உள்ளே கூரை இல்லாத தேவாலயம்; வெயில் கொதிக்கக் கொதிக்கப் பத்து மணிக்கே வெளியே வந்துவிட்டோம்.

பள்ளிமுனைப் பெருக்க மரத்தைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பில்லை. நேரில் பார்த்தபோது வாயடைத்துவிட்டது. உயரம் ஏழரை மீற்றர்தான், சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கு மேல். மரம் என்பதைவிட யானை படுத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்தது, 1477இல் நட்டது என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதன் இடுக்கில் புத்தகப் பையைச் செருகிவிட்டுக் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து மரத்தில் பட்டால் நாலு ஓட்டமாம்.

அரிப்புக்குப் போகும் வழியில் டயர் போய்விட்டது. உதிரி டயரும் காற்றில்லாமல் கிடந்தது. தம்பி தலையில் கைவைத்தார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கினேன். நிழல் தேடி ஒதுங்கிய வீட்டில் முதலில் தண்ணீர் வந்தது, பிறகு பாய் வந்தது, பிறகு தேத்தண்ணீரும் பேரீச்சம்பழமும். அந்த வீட்டு வாப்பா தன் மோட்டார் சைக்கிளில் தம்பியையும் டயரையும் ஏற்றிக்கொண்டு போனார். வந்து சேர இரண்டு மணித்தியாலம். அதுவரை உம்மாவோடு கதை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மூத்த பிள்ளை கைக்குழந்தை. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே இருந்துவிட்டதாம். “வந்து பார்த்தால் எங்கட வளவுக்குள்ள காடு. கிணத்த மட்டும்தான் அடையாளம் கண்டம்” என்றார். நான் யாழ்ப்பாணத்தவள் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகும் இரண்டாவது தேத்தண்ணீர் வந்தது. எனக்குத்தான் அது இலகுவில் இறங்கவில்லை.

டயர் ஒட்ட 600 ரூபா. வாப்பா எண்ணெய்க்காசுகூட வாங்கவில்லை.

அரிப்பில் கடலோர மண்மேட்டில் நிற்கிறது அல்லிராணி கோட்டை. உண்மையில் அது முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பைப் பார்வையிட வந்து தங்குவதற்கு. கிரேக்கப் பாணித் தூண்களால் டோரிக் என்று பெயர். ஊர்ச்சனம் அந்தத் துரையை மறந்துவிட்டு அதை அல்லிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. கடல் மேட்டை அரித்து அரித்து, செங்கல் சுவர்கள் ஒவ்வொன்றாகக் கீழே கிடக்கின்றன. நின்ற துண்டுச் சுவரின் அடியில் அலை மோதும் சத்தம் காலில் தெரிந்தது. சித்தப்பா பொம்பெயில் பார்த்ததை எல்லாம் சொன்னார்: அங்கே ஒவ்வொரு சுவருக்கும் முட்டுக்கொடுத்து வேலி போட்டுக் காவல் வைத்திருப்பார்களாம். இங்கே ஒரு நாய் படுத்திருந்தது.

பக்கத்தில் அரிப்புச் சிறுகோட்டை. கண்டி ராசாவிடம் 1660இல் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பி, ஆற்றோரமாகவே காட்டுக்குள்ளால் வந்து 1679இல் ஒல்லாந்தரிடம் சேர்ந்த இடம் இதுதான். நாங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கே அலுத்துவிட்டோம்.

யூலை 9, புதன்: கட்டுக்கரை, மடு

இன்று அதிகம் எழுத உடம்பில் தென்பில்லை. நேற்றைய வெயில் தலையில் நிற்கிறது.

கட்டுக்கரைக் குளக்கட்டில் அரை மணித்தியாலம். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து வாய்க்காலில் கொண்டுவந்து நிரப்புகிற பழங்காலத்துக் குளம். மன்னார்ப் பெருநிலத்து வயல்கள் இன்றும் இதை நம்பித்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் குளத்தை அண்டி அகழ்ந்து பழைய சுடுமண் உருவங்களை எடுத்திருக்கிறார்கள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர் சித்தப்பாவிடம் விரால் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “வெளிநாட்டுக் குளத்தில இப்பிடி இருக்குமோ?” என்றார். பிரான்சில் ரோமர் கட்டிய நீர்ப்பாலம் 1985இல் பட்டியலில் ஏறியது. அதில் தண்ணீர் ஓடி நூற்றுக்கணக்கான வருடம். “இதில இப்பவும் ஓடுது” என்று சித்தப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன்.

மடுவில் ஆடித் திருவிழா இந்த மாதம் 2ஆம் திகதி முடிந்ததால் கூட்டமில்லை. மரநிழலில் நாலைந்து குடும்பம் பாய் விரித்துச் சமைத்துக்கொண்டிருந்தது. தமிழும் சிங்களமும் கலந்து கேட்கிறது. 1670இல் மாந்தையிலிருந்து, அதாவது மாதோட்டத்திலிருந்து, மாதாவின் சொரூபத்தைக் காட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தவர்கள் இருபது குடும்பம். கத்தோலிக்கரை ஒல்லாந்தர் துரத்திய காலம். அதே சொரூபம் 2008 ஏப்ரலில் போரில் இன்னொரு தரம் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில் திரும்பி வந்தது. அதற்கு முன் 1999 நவம்பரில் இந்த ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து ஆசீர்வதித்ததும் இங்கேதான்.

மெழுகுதிரி 50 ரூபா. சித்தப்பாவின் கொப்பியைக் குரங்கு பறித்தது. வாழைப்பழம் கொடுத்து மீட்டோம். அங்கோர் பக்கத்தில் ஒரு மூலை இல்லை. பாம்புக்கடிக்கு மருந்து என்று மடு மண்ணைக் கடதாசியில் பொதிந்து ஓர் அம்மா எனக்கும் தந்தார். நான் இந்து என்றேன். “பாம்புக்குத் தெரியுமோ?” என்றார்.

இரவு வவுனியாவில் கொத்து ரொட்டி. தவிர்த்திருக்கலாம்.

யூலை 10, வியாழன்: ஒட்டுசுட்டான், கற்சிலைமடு

போயா நாள், பூரணை விடுமுறை. காலையில் திறந்திருந்த ஒரே கடையில் பாணும் சம்பலும். வயிறு இன்னும் கொத்தோடு சண்டை. புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணிப் பாதையில் யானை லத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தம்பி பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். அடுத்த பத்துக் கட்டைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஓரிடத்தில் பிள்ளைகள் பாலைப்பழம் விற்றுக்கொண்டு நின்றார்கள், பால்பேணி அளவுக்கு ஒரு சுண்டு. 200 ரூபா. பழத்தின் பால் உதட்டில் ஒட்டிப் பிசினாகிவிடும் என்று சித்தப்பா மறந்துவிட்டார். அடுத்த சந்தியில் தேங்காயெண்ணெய் வாங்கி உதட்டைத் துடைத்தோம்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரருக்கு ஊர்க்கதை ஒன்று உண்டு. குரக்கன் அரிந்த நிலத்தில் ஒட்டை, அதாவது மிஞ்சிய தாளை, கூட்டிச் சுட்டான் ஒரு கமக்காரன். எல்லாம் எரிந்தும் ஓரிடம் மட்டும் வேகவில்லை. வெட்டிப் பார்த்தால் சிவலிங்கம். ஒட்டைச் சுட்டதால் ஒட்டுசுட்டான். இந்த முறை சித்தப்பா வேட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்.

கற்சிலைமடுக் கல்லைத்தான் நான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது. வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவு ஆங்கிலேயக் கோட்டையை அடித்துப் பிடித்து, பீரங்கிகளையும் கைப்பற்றியவன். இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31இல், கப்டன் வொன் டிறிபேர்க் இந்தப் பக்கத்தில் அவனைத் தோற்கடித்தான். கல்லை நட்டது வென்ற பக்கம். கல்லில் சொல்வதும் அந்த வெற்றியைத்தான். சின்னக் கல். ஆனால் மாலை விழுவது தோற்றவனுக்கு. வெள்ளைக்காரன் தன் பெருமைக்கு நட்ட கல்லை வைத்துச் சனம் வன்னியனைக் கும்பிடுகிறது. இதைப்போல ஒரு நினைவுச்சின்னம் தன் கொப்பியில் இல்லை என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார். போரில் உடைந்து திருத்தியதா, பழையதேதானா என்று அவர் கேட்க, அங்கே புல்லுச் செருக்கிக்கொண்டிருந்த ஐயா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, “கல்லு மாறினால் என்ன தம்பி, செத்தவன் மாறேல்லத்தானே” என்றார்.

சித்தப்பா நூறு ரூபா நீட்டினார். ஐயா அதைப் பார்த்த பார்வையில் சித்தப்பா கையை மடக்கிக்கொண்டார்.

பொழுதுபட முல்லைத்தீவு. நந்திக்கடல் இறால் பிரட்டலும் இடியப்பமும், 700 ரூபா. ஐந்து நாளில் ஆகத் திறமான சாப்பாடு இதுதான், யாரும் மறுக்க வேண்டாம். பண்டாரவன்னியன் பிடித்த கோட்டை எங்கே என்று கடையில் கேட்டோம். “அது கடலடிப் பக்கம் இருந்தது” என்றார்கள். இருந்தது.

யூலை 11, வெள்ளி: வற்றாப்பளை, வட்டுவாகல், திரும்பும் வழி

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசி விசாகத்தில் கடல்நீரில் விளக்கெரியும். மதுரையை எரித்த கண்ணகி கிழவியாக வந்து, நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் பொங்கல் கேட்டாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றச் சொன்னாளாம். இன்று சும்மா வெள்ளி. தேர்முட்டி நிழலில் ஒரு தாய் பிள்ளைக்கு மொட்டை அடிப்பித்துக்கொண்டிருந்தாள்; பிள்ளையின் அழுகை மணியோசையை அமத்தியது. “ஆறாவது” என்றார் சித்தப்பா திடீரென்று. ஆறாவது அளவுகோல்: உயிரோடிருக்கும் மரபோடும் நம்பிக்கையோடும் தொடர்புள்ள இடம். அதன்பிறகு, “கட்டடம் மட்டும் பார்த்துத் திரிஞ்சிட்டன்” என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை.

வட்டுவாகல் பாலம் ஒடுக்கமானது. எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்ததால் ஓரத்தில் காத்து நின்றோம். 2009 மே மாதம் சனம் நடந்து வெளியேறிய பாலம். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்து நாளாக வாய் ஓயாமல் கதைத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “இதிலதான் என்ர ஒரு செருப்பு தண்ணிக்குள்ள விழுந்தது, ஐயா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உழவு இயந்திரம் போனது.

மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் யாழ்ப்பாணம். தம்பி வேகத்தைக் குறைத்து, “நேர போனால் எங்கட குளம். மல்லாவிக்கு அங்கால. அம்மா சமைச்சு வைச்சிருக்கிறா” என்றார். சொல்லாமலே திட்டம் போட்டிருக்கிறார். எனக்கு வீட்டில் காய்ந்த உடுப்பு மடிக்கக் கிடக்கிறது. சித்தப்பாவுக்கு ஞாயிறு விமானம். ஆனாலும் நேரே போனோம்.

வவுனிக்குளம் பாலியாற்றை மறித்த பழைய குளம். மகாவம்சத்தில் வருகிற பேளிவாபி இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியானால் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல். 1950களில் திரும்பக் கட்டினார்கள். தம்பியின் அம்மா குளத்து மீனைப் பொரித்து, குரக்கன் புட்டோடு வாழையிலையில் வைத்தார். வேலிக்கு அந்தப்பக்கமே வாய்க்கால் ஓடுகிறது. சித்தப்பா காலை அதற்குள் விட்டுக்கொண்டு கொப்பியை எடுத்தார். ஆண்டு நிரலில் கோடு போட்டார். டிக்கெட் நிரலில் பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார், பிறகு வாப்பா வீட்டுத் தேத்தண்ணீரையும் புல்லுச் செருக்கிய ஐயாவையும் ஞாபகப்படுத்தி, “இவையளுக்கு என்ன எழுதுறது?” என்றார். எனக்கும் தெரியவில்லை.

முறிகண்டிக்கு வரும்போது இரவு எட்டரை. தேங்காய் அடித்தோம். பிள்ளையாருக்கு முன்னால் கச்சான் கடைகள் வழமைபோல ஒரே சத்தம், “அண்ணை வாங்கோ, அக்கா வாங்கோ, சுடச்சுட.” பை 200 ரூபா. பரந்தன் தாண்டுவதற்குள் பார்த்தால் பாதி சொத்தை. அதைச் சித்தப்பா வானின் வெளிச்சத்தில் உடனே எழுதிவிட்டார்.